பல்லைக் கடிப்பதால்தான் தலை வலிக்கிறதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்களுக்கு 36 வயது. ஒரு வருடமாகக் காலையில் எழும்போதே இரண்டு பொட்டும் வலிக்கிறது, தாடை இறுகிக் கிடக்கிறது, இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறீர்கள் என்று மனைவி சொல்கிறார். ஒரு பல் மருத்துவர் நைட் கார்டு, அதாவது இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்புத் தகடு, போடச் சொன்னார். இன்னொருவர், பற்கள் பொருந்துவதே சரியில்லை, சிலவற்றை உரசிச் சமன்செய்து நான்கு பற்களுக்கு உறை போட்டால்தான் தீரும் என்றார். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு சைனஸில் லேசான வீக்கம் என்றார். இதற்கிடையில் வாரத்தில் நான்கைந்து நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள். தாடையில் கிளிக் சத்தம் வருகிறது, ஆறு வயது மகளும் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள், யாரிடம் போவது என்றும் தெரியவில்லை. 'நைட் கார்டு போட்டால் தலைவலி போய்விடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்த வலிக்குக் காரணமே பல்லைக் கடிப்பதுதானா? அதற்கு விடை தெரியாமல் கார்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நான் பல் மருத்துவம் படித்துவிட்டு, முகவலி, தாடை மூட்டு வலி சிகிச்சையில் தனியாகப் பயிற்சி எடுத்தவன். பல வருடங்களாக இந்த வலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தசையை விரலால் அழுத்திப் பார்க்காமல், வாயைத் திறக்கச் சொல்லி அளக்காமல், உங்களுக்கு இன்னதுதான் என்று எழுத்தில் சொல்ல முடியாது. நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் எந்த வரிசையில் யோசிப்பேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பல் கடிப்பதைப் பற்றி. தூக்கத்தில் கடிப்பதும் விழித்திருக்கும்போது கடிப்பதும் வேறு வேறு. தூக்கத்தில் நடப்பது மூளையிலிருந்து வருகிறது. உறக்கத்தின் நடுவே மூளை சில விநாடிகளுக்கு மேலெழும்பி வரும். இதயத் துடிப்பு கூடும். அதன் பிறகுதான் தாடைத் தசை தாளம் போட்ட மாதிரி சுருங்க ஆரம்பிக்கும். கடைசியில்தான் பல்லோடு பல் உரசும் சத்தம். மொத்தமும் முடிந்தபின் ஆள் மறுபடி உறங்கிவிடுவார், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. தூக்க ஆய்வகத்தில் பார்த்தால், பல்லைக் கடிக்கும் பழக்கமே இல்லாதவர்களில் சுமார் 60 சதவீதம் பேரிடமும் இந்தத் தாடை அசைவு ஓரளவு இருக்கிறது. சத்தமாக, அடிக்கடி கடிக்கும் பெரியவர்கள் ஏறக்குறைய 8 சதவீதம். 2018-ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த கருத்தில், மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்குப் பல் கடிப்பது தன்னளவில் ஒரு நோயே இல்லை, தசையின் ஒரு நடவடிக்கைதான் என்று எழுதினார்கள். சிலருக்கு அது கேடு செய்யலாம், சிலருக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால்தான் தூக்கத்தில் கடிக்கிறோம் என்ற பழைய எண்ணத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

சரி, இவ்வளவு வலுவாகக் கடித்தால் தசை வலிக்கத்தானே செய்யும் என்று தோன்றும். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் படித்தேன். ஆனால் ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. 2012-ல் வந்த ஓர் ஆய்வில், தாடைத் தசை வலி உள்ள பெண்களையும் வலி இல்லாத பெண்களையும் ஆய்வகத்தில் தூங்க வைத்து ஒப்பிட்டார்கள். வலி உள்ளவர்கள் அதிகம் கடிக்கவில்லை. பிறகு வேறொன்று கண்ணில் பட்டது: கடிக்காத நேரத்தில்கூட அவர்களுடைய தசை முழுதாகத் தளரவில்லை, மெல்லிய இறுக்கம் ராத்திரி முழுக்க இருந்தது. என் அனுபவமும் கிட்டத்தட்ட இதேதான். பற்கள் பாதி தேய்ந்து போனவர் 'வலியா? அப்படி ஒன்றும் இல்லையே' என்பார். பல்லில் ஒரு கீறல்கூட இல்லாதவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். அதனால் உங்கள் மனைவி கேட்ட சத்தம் உண்மை, உங்கள் தலைவலியும் உண்மை. ஒன்றினால்தான் மற்றொன்று என்பதை மட்டும் இன்னும் யாரும் நிரூபித்துவிடவில்லை.

பல் தேய்மானத்தை வைத்தும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. தேய்மானம் நேற்று நடந்ததா, பதினைந்து வருடத்துக்கு முன்னால் நடந்ததா என்று பல்லைப் பார்த்தால் தெரியாது. அமிலம் மேலேறி வரும் நெஞ்செரிச்சல், புளிப்பான குளிர்பானங்கள் இவையும் பல்லைக் கரைக்கும். அமிலம் கரைத்த பல்லில் பளபளப்பான குழிவு இருக்கும். உரசித் தேய்ந்த பல்லில் தட்டையான முகம் இருக்கும், அதற்கு நேர் எதிர்ப் பல்லிலும் அதே அளவில் இன்னொரு தட்டை இருக்கும். பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும்.

வலியைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் சந்தேகம் வருவது பகல்நேரத்தின் மீதுதான். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, கவனியுங்கள். தொடவே கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர பற்கள் தொட வேண்டிய வேலையே இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 24 மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்பது பழைய அளவீடு ஒன்றின் கணக்கு. கணினி முன் உட்கார்ந்தவர், வண்டி ஓட்டுபவர், ஊசியில் நூல் கோப்பவர் எல்லாரும் தெரியாமலே பல்லை லேசாகச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். பலமாகக் கடிக்க வேண்டியதில்லை. லேசான தொடுதலே மணிக்கணக்கில் நீடித்தால் போதும். கையை நீட்டி ஒரு தம்ளர் தண்ணீரை அரை நாள் பிடித்துக்கொண்டிருப்பது போல. கனம் ஒன்றுமில்லை, நேரம்தான் கை வலிக்கக் காரணம். நாக்கின் ஓரத்தில் பல்லின் அச்சு அலை அலையாகப் பதிந்திருப்பதும், கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு ஓடுவதும் இந்தப் பழக்கத்தோடு வரலாம். ஆனால் அவை இல்லாமலும் பழக்கம் இருக்கலாம்.

இனி பரிசோதனை. பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் புடைத்து எழுவது பொட்டுத் தசை. காதுக்கு முன்னால், தாடை முனைக்கு மேலே கன்னத்தில் புடைப்பது கன்னத் தசை. இந்த இரண்டையும் அங்குலம் அங்குலமாக, சுமார் ஒரு கிலோ விசையில், ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி அழுத்திப் பார்ப்பேன். காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டின் மீது அதில் பாதி விசை போதும். அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும், அது முக்கியமில்லை. 'காலையில் உங்களுக்கு வருகிற அதே வலியா இது?' என்று கேட்பேன். 'அதேதான் டாக்டர்' என்று ஒருவர் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 2014-ல் வெளியான தாடை மூட்டு நோய்களுக்கான சர்வதேச நோயறிதல் முறை இந்த 'தெரிந்த வலி'யை மையமாக வைத்தே எழுதப்பட்டது. அந்த முறைப்படி, தாடைக் கோளாறால் வரும் தலைவலி என்று சொல்ல வேண்டுமானால் வலி பொட்டில் இருக்க வேண்டும், தாடையை அசைக்கும்போதோ மெல்லும்போதோ அது கூடிக் குறைய வேண்டும், பொட்டுத் தசையை அழுத்தினால் அல்லது வாயைப் பெரிதாகத் திறந்தால் அதே தலைவலி திரும்பி வர வேண்டும். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் அளப்பேன். முன்பற்களுக்கு இடையே 40 மில்லிமீட்டர் என்பது நடைமுறை எல்லை. வீட்டில் பார்க்க, உங்களுடைய நடு மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு இடையில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பெரிய தடை இல்லை.

காது அடைத்த உணர்வும் இங்கிருந்தே வரலாம். கன்னத் தசையில் ஒரு முடிச்சை அழுத்தினால் காதுக்குள் வலிப்பதும் கடைவாய்ப் பல் வலிப்பதும் சர்வசாதாரணம். முகத்திலிருந்தும் பற்களிலிருந்தும் வரும் நரம்புகளும் கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்பதில் மூளைக்கே குழப்பம். கழுத்து இறுக்கம் கண்ணுக்குப் பின்னால் வலியாகத் தெரிவதும் இதனால்தான். அதனால் தாடையைப் பார்க்கிறவர் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

தாடையை அழுத்தியும் உங்கள் தலைவலி திரும்பி வரவில்லை என்றால் நான் வேறு பக்கம் யோசிப்பேன். அதில் முதலாவது ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன். பெயரில் ஒற்றை இருந்தாலும் இரண்டு பக்கமும் வலிக்கலாம், காலையில் எழும்போதே இருக்கலாம். துடிக்கிறதா, மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் இருட்டறையில் படுக்கத் தோன்றுகிறதா என்று கேட்பேன். சைனஸ் விஷயத்திலும் இதே சந்தேகம் எனக்கு உண்டு. 'சைனஸ் தலைவலி' என்று தாங்களே நினைத்துக்கொண்டிருந்த அல்லது மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலிதான். மைக்ரேன் வரும்போது மூக்கு ஒழுகும், கண் கலங்கும், கன்னம் கனக்கும். அதனால் இந்தக் குழப்பம். ஸ்கேனில் சைனஸ் உட்சவ்வு லேசாகத் தடித்திருப்பது வலியே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகத் தெரியும். பச்சையாகவோ மஞ்சளாகவோ சளி, மூக்கடைப்பு, வாசனை தெரியாமை, காய்ச்சல் எதுவும் இல்லாமல் வெறும் வலியை மட்டும் சைனஸ் தலையில் கட்ட எனக்கு மனம் வராது.

அடுத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. வாரத்தில் நான்கைந்து நாள் மாத்திரை என்றால் மாதத்துக்கு 17 முதல் 22 நாள். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேல் தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பித்துவிடும். காஃபீன் அல்லது வேறு மருந்து கலந்த கூட்டு மாத்திரைகள், மைக்ரேனுக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரைகள் என்றால் 10 நாளே எல்லை. ஏற்கெனவே தலைவலிக்கு ஆளாகும் உடம்பில்தான் இது நடக்கும். அப்படி வரும் வலி பெரும்பாலும் காலையில் எழும்போதே காத்திருக்கும். நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்திய முதல் விஷயம் பல் கடிப்பதில்லை, இதுதான். மாத்திரையை நிறுத்தும்போது முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும். கோடீன் போன்றவை கலந்த மாத்திரையாக இருந்தால் திடீரென நிறுத்தக்கூடாது. அதனால் மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

மூன்றாவது குறட்டை. மனைவியிடம் இதையும் கேளுங்கள்: நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறதா? தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்குக் காலையில் இரு பக்கமும் அழுத்துகிற மாதிரி தலை வலிக்கும், குமட்டல் இருக்காது, எழுந்து நான்கு மணி நேரத்துக்குள் தானாகவே போய்விடும். மூச்சுத் தடையும் பல் கடிப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைப் பார்க்கிறோம். ஒன்று மற்றதை உண்டாக்குகிறதா என்பதில் இன்னும் தெளிவில்லை. ஆனால் கார்டு போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். மேல்தாடைக்கு மட்டும் போடும் தட்டையான கார்டு சிலருக்கு மூச்சுத் தடையை மோசமாக்கியிருக்கிறது.

பல்லையும் விட்டுவிட முடியாது. கடைவாய்ப் பல்லில் விரிசல் இருந்தால் கடிக்கும்போது, அதைவிடக் கடித்ததை விடும்போது, சுரீரென்று இருக்கும். குளிர்ந்த நீர் பட்டு வலி நிமிடக்கணக்கில் நின்றால் பல்லின் உயிர்ச்சதை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். எந்தப் பல் என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் சந்தேகப்படும் பல்லை மரத்துப்போகச் செய்து பார்ப்போம். பல் முழுக்க மரத்தும் வலி அப்படியே இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பல் இல்லை. மிக எளிய சோதனைதான், ஆனால் அதைச் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாக வேர் சிகிச்சை செய்து, பிறகு பல்லையும் எடுத்து, வலியை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் வயதுக்கும் அறிகுறிக்கும் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி, தலை சீவினால்கூடத் தோல் வலிப்பது, மென்றுகொண்டே இருந்தால் தாடை சோர்ந்து வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் அடங்குவது, பார்வை மங்குவது: இது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். பார்வையே போய்விடக்கூடிய நோய். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். நடந்தால் தாடை வலித்து, நின்றால் அடங்குகிறது என்றால் பல் மருத்துவரைத் தேடாதீர்கள், இதயத்தைப் பாருங்கள். பல் துலக்கும்போதோ முகத்தில் காற்றுப் பட்டாலோ ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு விநாடி, பத்து விநாடி, அதிகபட்சம் இரண்டு நிமிடம் வலித்து நின்றால் அது முக்கிளை நரம்பு வலி. கார்பமசெபைன் நன்றாகக் கேட்கும். ஆனால் ஆசிய மரபினருக்கு அந்த மருந்தைத் தொடங்குமுன் ஒரு மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது; சிலருக்குத் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமை வரும். எம்ஆர்ஐயும் எடுக்க வேண்டும். இடிவிழுந்த மாதிரி திடீர்த் தலைவலி, முக மரப்பு, கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இவற்றுக்கு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

தாடையில் வரும் கிளிக் சத்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வலியும் இல்லை, வாய் பூட்டிக்கொள்வதும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மூட்டுக்குள் இருக்கும் வட்டு சற்று முன்னால் நகர்ந்திருப்பதன் சத்தம் அது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால்கூட மூன்றில் ஒருவருக்கு அப்படி நகர்ந்திருக்கும்.

இப்போது நைட் கார்டுக்கு வருகிறேன். கார்டு பல்லைக் காப்பாற்றும். தேய்மானத்தைக் கார்டு வாங்கிக்கொள்ளும், உறையும் அடைப்பும் உடையாமல் இருக்கும். கடிப்பதை அது நிறுத்தாது. சிலருக்குச் சில வாரம் குறைந்துவிட்டுப் பழையபடி திரும்பிவிடும். வலிக்கு அது உதவுமா என்பதில்தான் தகராறு. நாள்பட்ட தாடை வலிக்காக 2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, நடத்தை மாற்றச் சிகிச்சை, மருத்துவர் கையால் தாடையை அசைத்துக் கொடுப்பது, தசை முடிச்சுகளை அழுத்திவிடுவது, தாடை, கழுத்துப் பயிற்சிகள், வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் கார்டுகளைப் பொதுவாக வேண்டாம் என்ற பக்கத்தில், நிபந்தனையோடு, வைத்தது. என் துறையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கார்டு போட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன் என்பவர்களை நானும் பார்க்கிறேன், அந்த நிம்மதி கார்டால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அதனால் நான் செய்வது இது: பல் தேய்ந்துகொண்டிருந்தால், உடைந்துகொண்டிருந்தால் கார்டு போடுவேன், பல்லுக்காக என்று சொல்லியே போடுவேன். வலி குறைந்தால் அது கூடுதல் லாபம். வலிக்காக மட்டும் முதல் சிகிச்சையாகக் கொடுப்பதில்லை.

போடுவதானால் ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுகிற, கடினமான அக்ரிலிக்கில் செய்தது நல்லது. எதிர்ப்பற்கள் எல்லாம் அதன்மேல் ஒரே சமயத்தில் படும்படி மருத்துவர் உரசிச் சரிபார்க்க வேண்டும். ரப்பர் மாதிரி மெத்தென்றிருப்பதைச் சிலர் மென்றுகொண்டே இருப்பார்கள். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கருவியை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் மேலேறி, வாயை மூடினால் முன்பற்கள் சேராத நிலை வரலாம். இரவில் மட்டும் போடுங்கள், கழற்றிய அரை மணி நேரத்துக்குப் பிறகும் பற்கள் வழக்கம்போலச் சேரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பற்களை உரசிச் சமன்செய்து உறை போடும் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தாடை வலிக்குப் பற்களின் பொருத்தமே காரணம் என்ற எண்ணம் பழையது. 1934-ல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பின்பற்கள் இல்லாததால் தாடை மூட்டு அழுந்திக் காது அடைப்பும் தலைவலியும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பிறகு தவறு என்று தெரிந்தது, ஆனாலும் பல்லைச் சரிசெய்தால் வலி தீரும் என்ற நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது. 1996-லேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளில் இறங்க வேண்டாம், எளிய, மாற்றிக்கொள்ளக்கூடிய சிகிச்சைகளில் தொடங்குங்கள் என்றது. உரசிய எனாமல் திரும்ப வளராது. அதைவிட மோசம், உரசியபின் தன் பற்கள் எங்கே பொருந்துகின்றன என்று நாள் முழுக்கக் கடித்துக் கடித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிடும். வலிக்கு அதுவே தீனி. சமீபத்தில் போட்ட அடைப்பு ஒன்று உயரமாக இருந்தால் அதை மட்டும் உரசுவது வேறு விஷயம், அதில் தவறில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் பகல். 'ன்' என்று சொல்லி நிறுத்துங்கள்: நாக்கின் நுனி மேல்பற்களுக்குப் பின்னால் ஈறில் மெதுவாக ஒட்டியிருக்கும், பற்கள் விலகியிருக்கும். உதடு மூடி, பல் விலகி, நாக்கு அங்கே. தாடை ஓய்வாக இருக்க வேண்டிய நிலை அதுதான். கைபேசியில் மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் வையுங்கள், அல்லது திரையின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கண்ணில் பட்டதும் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து விலக்குங்கள், தோளையும் இறக்கிவிடுங்கள். முதல் வாரத்தில் எத்தனை முறை பிடிபடுகிறீர்கள் என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். காலையும் இரவும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் பொட்டிலும் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பிறகு விரல்நுனியால் வட்டமாக நீவிவிடுங்கள். சூயிங்கம் வேண்டாம், நகம் கடிக்க வேண்டாம், கையைத் தாடைக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம். வலி கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கு மென்மையான உணவு போதும். மாதக்கணக்கில் மெல்லாமல் இருந்தால் தசை பலவீனமாகி வலி கூடத்தான் செய்யும். இத்துடன் தாடைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கிடைத்தால் பாதி வழி கடந்த மாதிரி.

தூக்கத்தில் கடிப்பதைக் குறைக்கச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மது, புகை, மாலைக்குப் பிறகு காபி ஆகியவற்றுக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு தெரிகிறது, குறைத்துப் பாருங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கிவைக்கும். நீங்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டு, அதற்குப் பின்தான் இது ஆரம்பித்தது என்றால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மன அழுத்தம் பகல் கடிப்பை நிச்சயம் கூட்டுகிறது, இரவுக் கடிப்போடு அதன் தொடர்பு மக்கள் நினைக்கிற அளவுக்கு நேரடியானதில்லை. போடாக்ஸ் ஊசி பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடிக்கும் விசையைக் குறைக்கும், கடிக்கும் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை; சில மாதத்தில் வேகம் போய்விடும், திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியும். நான் அதைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறேன். வலி பல மாதமாக ஊறிப்போனவர்களுக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் என்ற மருந்து சிலசமயம் கைகொடுக்கும். அந்த முடிவை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் விட்டுவிடுகிறேன்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். நான்கு வாரத்துக்கு ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள்: எழும்போது வலி எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது, குமட்டலோ வெளிச்சக் கூச்சமோ இருந்ததா, மெல்லும்போது கூடியதா, என்ன மாத்திரை எத்தனை. அதை எடுத்துக்கொண்டு முதலில் தலைவலியைப் பார்க்கும் பொது மருத்துவர் அல்லது நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரைப் பிரச்சினையும் மைக்ரேனும் அங்கேதான் தீரும். குறட்டை உண்டு என்று மனைவி சொன்னால் தூக்கப் பரிசோதனையும் எழுதித் தருவார். பக்கத்திலேயே, தசையைக் கையால் அழுத்திப் பரிசோதிக்கிற ஒரு பல் மருத்துவரையும் பாருங்கள். அழுத்திப் பார்க்காமல், உங்கள் வாயின் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு சிகிச்சையின் விலையைச் சொல்கிறவர் என்றால் இன்னொருவரையும் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் ஆறு வயது மகளைப் பற்றி. அந்த வயதில் நிறையக் குழந்தைகள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள், வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். பால்பல் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை விழப்போகிற பற்கள். தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் கார்டும் பொதுவாகப் போடுவதில்லை. வயிற்றில் பூச்சி இருந்தால் பல்லைக் கடிப்பார்கள் என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். பூச்சிக்கான வேறு அறிகுறி இருந்தால் கொடுங்கள், பல் கடிப்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. அவள் வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா என்று மட்டும் இரண்டு மூன்று ராத்திரி கவனியுங்கள். அப்படி இருந்தால் அடினாய்டு, டான்சில் பார்க்க ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.